நெய்யை நீக்கிப் படிக்கவும்

மனித குலம் பசுவுக்கு ஐயாயிரம் ஆண்டுகளாக இழைத்துவரும் அநீதிக்கு முற்றுப்புள்ளி வைக்கப்போகும் நூல், ஒரு வெள்ளிக்கிழமை காலை திருப்பதிக்குள் நுழைந்தது. தக்காளி வண்டியில் நுழைந்தது. சித்தூர் அச்சகத்துக்காரர், மார்க்கெட்டுக்குப் போகிற வேன் ஒன்றில் கூடைகளுக்கு அடியில் புத்தகக் கட்டுகளைத் தள்ளி அனுப்பியிருந்தார். வழியில் நசுங்கிய பழங்களின் சாறு கீழே இறங்கி, மேலாக இருந்த சில பிரதிகளின் அட்டையில், கன்றுக்குட்டிப் படத்தின் கழுத்துப் பக்கம் சிவப்பாகப் படிந்திருந்தது. வேண்டுமென்றே வரைந்திருந்தால்கூட அவ்வளவு உருக்கமாக வந்திருக்காது.

நூலின் பெயர் ‘பால் படாத தளிகை’. தளிகை என்றால் வைணவர் வீடுகளில் சமையல். எழுதியவள் குமுதவல்லி, பெண்கள் கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். பால், தயிர், வெண்ணெய், நெய் கிடையாது. வெள்ளைச் சர்க்கரை, மைதா, தீட்டிய அரிசி கிடையாது. சாமையும் வரகும் கம்பும் தேங்காய்ப்பாலும் சித்தூர் வெல்லமும்தான் சமையல். பின்னட்டையில் ‘தமிழில் இத்துறையின் முதல் நூல்’ என்று போட்டிருந்தது. முதல் நூல்தானா என்று அவள் தேடிப் பார்க்கவில்லை. தேடினால் வேறு ஏதாவது அகப்பட்டுவிடும் அபாயம் இருந்தது. அந்த வரிக்கு மேலே அவளுடைய படம். முன்னட்டைக் கன்றைவிட அது சற்றுப் பெரியது.

இதை வைத்து அவளை வெறும் ஜம்பக்காரி என்று முடிவுகட்டிவிட முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால், கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் புதுமனை புகுவிழாவுக்குப் பலமனேர் போயிருந்தாள். பக்கத்துக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பசுவின் கன்று செத்துப்போயிருந்தது. அதன் தோலுக்குள் வைக்கோலை அடைத்து, நாலு குச்சியில் நிற்கவைத்து, பசுவின் முகத்துக்கு நேராக வைத்திருந்தார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரந்தது. பிறகு அந்தப் பாலைப் புது வீட்டுக்குள் கொண்டுபோய்க் காய்ச்சி, பொங்கி வழியவிட்டு, சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கைகூப்பினார்கள். குமுதவல்லிக்குக் கொடுத்த காபி கையிலேயே ஆறிப்போயிற்று. அன்றோடு பாலுக்கும் அவளுக்கும் உறவு விட்டது.

அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஒன்றுமில்லை. மூக்கைப் பற்றியும் பேச ஆரம்பித்தாள். மூன்று வருட விரதத்தில் தன் உடம்பு சுத்தமாகிவிட்டதென்றும், நெய் ஒரு துளி பட்டிருந்தாலும் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்றும், தெரியாமல் உள்ளே போனால் அந்த நிமிஷமே வாந்திதான் என்றும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நூலின் முகவுரையிலும் எழுதினாள். அவள் கணவர் யதிராஜன், மின்வாரியத்தில் கணக்கர், தினமும் காலையில் நடைப்பயிற்சி என்று கிளம்பிப் போய் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டிப் பால் விட்ட காபி குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அந்த மூக்குக்கு அது இதுவரை எட்டவில்லை.

வேன் வந்தபோது வாசலில் சமையல் தமிழ்செல்வன் காத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா; வருகிறவர்களுக்கு டிபன் அவன் பொறுப்பு. அரக்கோணத்திலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கேன்டீன் வேலைக்கு வந்தவன், இப்போது திருப்பதியில் கல்யாண ஒப்பந்தம் எடுக்கிறான். அவனை அவள் பிடித்ததற்கு ஒரே காரணம், ஊரில் இருக்கிற மற்ற சமையற்காரர்களுக்குத் தமிழ் படிக்க வராது. கறை படாத பிரதி ஒன்றை உருவி, கையெழுத்துப் போட்டு, அவனிடம் நீட்டினாள்.

“இதுல என்ன இருக்கோ அது. ஒரு வரி கூடக் கூடாது, குறையக் கூடாது. உங்க கைப்பக்குவமெல்லாம் வேற எங்கயாவது வச்சுக்கோங்கோ.”

ஆயிரம் இலைக்கு ஆக்கிப் போட்டவனுக்கு அது கொஞ்சம் சுருக்கென்றிருக்கும். ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். “புக்குல இருக்கறதுதான் மேடம்,” என்றான்.

அவன் போன பிறகுதான் அவள் தன் நூலை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தாள். முதல் இருபது பக்கம் பாலை எதிர்த்துக் கர்ஜித்தது. ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடம். இருந்தாலும் அச்சில் படிக்கும்போது கண் கலங்கிற்று. இருபத்தொன்றாம் பக்கம், சாமைப் பொங்கல். சாமை, பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், இஞ்சி. கடைசியில் ஒரு வரி: ‘நெய் – ஒரு கரண்டி (அன்னசுத்திக்கு).’

அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த பக்கம் வரகு உப்புமா. நெய் ஒரு கரண்டி. அடுத்தது கம்பு இட்லி, நெய். கொள்ளுச் சுண்டலில் நெய். முருங்கைக்கீரைச் சாற்றில் நெய். பாலுக்குப் பதிலாக அவள் இரண்டு மாதம் பாடுபட்டுக் கண்டுபிடித்த நிலக்கடலைத் தயிரில், ‘நெய் – இரண்டு சொட்டு.’ புத்தகத்தின் கடைசிவரை நெய் ஒழுகியது.

வடித்த சாதத்தின் மேல் முதலில் ஒரு சொட்டு நெய் விட்டால்தான் அவர்களைப் போன்ற வைணவக் குடும்பங்களில் அது அன்னம் என்ற அந்தஸ்துக்கு வரும். அதற்கு முன் அது வெந்த தானியம். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணுவதானால், அதாவது படைப்பதானால், கேட்கவே வேண்டாம். அதற்குத்தான் அன்னசுத்தி என்று பெயர். அந்தச் சொல்லை அச்சகத்தில் யாரும் எழுதியிருக்க முடியாது. எழுதக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு. அவள் அக்கா அலர்மேலின் புருஷன், ராமானுஜன் அத்திம்பேர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ‘திருமடைப்பள்ளி வித்தகர்’. அந்தப் பட்டத்தைக் கொடுத்த சங்கத்துக்கு அவரே தலைவர். வாழ்நாளில் அடுப்பு மூட்டியவரில்லை. திருப்பதியில் தமிழில் பிழை திருத்த வேறு ஆள் கிடைக்காததால் கடைசிப் புரூஃபை அவரிடம் கொடுத்திருந்தாள். முன்னுரையும் அவருடையதுதான்.

அவள் எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். யதிராஜன் என்னவென்று கேட்டார். புத்தகத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

“ஒரு கரண்டின்னா குழிக்கரண்டியா, சின்னக் கரண்டியா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு அவள் சொன்ன பதிலை அச்சிட முடியாது. அடுத்த பஸ்ஸில் சித்தூர் கிளம்பிவிட்டாள்.

பக்கிரிசாமியின் அச்சகம் கல்யாணப் பத்திரிகைகளும் தேர்தல் நோட்டீசும் அடிப்பது. தெலுங்குதான் அதிகம், கேட்டால் தமிழும். அவர் அவளை உட்காரச் சொல்லி, காபி சொல்லவா என்று கேட்டார். பாலில்லாமல் கிடைக்குமா என்றாள். அவர் கொஞ்சம் யோசித்து, அப்போது டீ சொல்லவா என்றார்.

யாரைக் கேட்டு என் புத்தகத்தில் நெய்யைச் சேர்த்தீர்கள் என்று அவள் கேட்டதும் அவர் நிஜமாகவே விழித்தார்.

“பெரியவரு கடைசி புரூஃபை எடுத்துக்கினு நேர்ல வந்தாரு மேடம். கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கற மோகனப்ரியா பக்கத்துல சேர் போட்டுக்கினு உக்காந்தாரு. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு சொல்லிக்கினே வந்தாரு. ஒரு தடவ அடிச்சி எல்லா எடத்துலயும் ஒட்டிக்கினோம்.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?”

“இன்னாத்துக்கு? முன்னுரை அவுருது. பேருக்கு முன்னால அவ்ளோ பட்டம். சமையல் புக்குல நெய் சேத்தா தப்புன்னு நாங்க எப்டிம்மா நெனைக்கறது? நெய்ய எடுக்கச் சொல்லியிருந்தார்னா சந்தேகம் வந்திருக்கும். போன் போட்டிருப்போம்.”

மறு அச்சுக்கு நாளில்லை. கடைசியில் அவள் அங்கேயே நின்றுகொண்டு ஒரு துண்டுச்சீட்டுக்கு வாசகம் எழுதினாள்: ‘இந்நூலில் நெய் என்று வரும் இடங்களிலெல்லாம் நெய்யை நீக்கிப் படிக்கவும்.’ அதைப் பக்கிரிசாமி இரண்டு முறை உரக்கப் படித்தார்.

“படிக்கும்போது நீக்கிட்டு, ஆக்கும்போது போட்டுக்கலாம்ல மேடம்? நெய் போட்டுத் துன்னாத்தான் சாமையெல்லாம் எறங்கும்.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடித்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே அத்திம்பேர் வீட்டுப் படியேறினாள். பஸ்ஸில் வந்த வழியெல்லாம் பேச்சைத் தயாரித்து வைத்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதி மறந்துபோயிற்று. அத்திம்பேர் ஊஞ்சலில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஹாலும் அவர் ஏற்பாடு, சிறப்பு விருந்தினரும் அவர் ஏற்பாடு. அந்தப் பெருமிதத்தில் ஊஞ்சல் சற்று வேகமாகவே ஆடிக்கொண்டிருந்தது.

“அத்திம்பேர், என் புஸ்தகத்துல நெய் எப்படி வந்தது?”

“நான்தான் விட்டேன்,” என்றார், தர்மம் செய்தவர் தொகையைச் சொல்லிக்கொள்வதுபோல அடக்கமாக.

“யாரைக் கேட்டு விட்டேள்?”

“கேக்கணுமா? மூணாம் பக்கத்துல என்ன போட்டிருக்கே? திருவேங்கடமுடையான் திருவடிகளில் சமர்ப்பணம்னு போட்டிருக்கே. அத்தனை தளிகையை அவன் முன்னாடி கொண்டுபோய் வைக்கறே, ஒண்ணுலயும் அன்னசுத்தி இல்லை. ஆத்துக்கு வர விருந்தாளிக்கே அப்படிப் போட மாட்டோம். உன்னை அபசாரத்துலேர்ந்து காப்பாத்தியிருக்கேன், நீ என்னடான்னா சண்டைக்கு வரே.”

அந்த வரியை அவள் பக்தியால் போடவில்லை. திருப்பதியில் அச்சாகிற எதிலும் அது இருக்கும், டயர் கடை ரசீதில்கூட. அது இல்லாவிட்டால் மூன்றாம் பக்கம் காலியாக இருந்திருக்கும்.

“நான் புஸ்தகத்தைத்தான் சமர்ப்பணம் பண்ணினேன். பொங்கலை இல்லை.”

“தளிகைப் புஸ்தகத்தை வேற எப்படி சமர்ப்பணம் பண்றதாம்? மூடி வச்சா?”

எங்கே ஆரம்பித்தால் இந்த மனுஷனுக்குப் புரியும் என்று தேடினாள். “பதினோராம் பக்கத்துல பலமனேர்ல பார்த்த வைக்கோல் கன்னுக்குட்டியைப் பத்தி எழுதியிருக்கேனே. அதைப் படிச்சேளா இல்லையா?”

“படிக்காம என்ன? சந்திப்பிழை ரெண்டு இருந்தது. திருத்திட்டேன்.”

ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டது. மூன்று வருடம். ஒரு தானியத்தை எத்தனை முறை ஊறவைத்து, எத்தனை முறை குழையவிட்டு, எத்தனை முறை வாயில் வைக்க வழங்காமல் குப்பையில் கொட்டினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அந்தக் கன்றின் கண் இருந்த இடத்தில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்ததை எழுதிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இவர் அதைப் படித்திருக்கிறார். ஒற்று விட்டுப்போனதைப் பார்த்திருக்கிறார். பத்துப் பக்கம் தாண்டி, அந்தப் பசுவின் நெய்யை எடுத்து அவள் பெயரில் ஊற்றியிருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றக்கூட இல்லை. தோன்றி, வேண்டாம் என்று விட்டிருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள்.

அலர்மேல் உள்ளேயிருந்து வந்து, கோபித்துக்கொள்ளாதே, அவருக்கு நெய்யில்லாமல் ஒரு கவளம் இறங்காது என்று சமாதானம் சொன்னாள். குமுதவல்லி அக்காவைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேடையில் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

சனிக்கிழமை முழுக்கத் துண்டுச்சீட்டு ஒட்டினார்கள். பசைக்கு மைதா வேண்டும். கொள்கைப்படி வீட்டில் மைதா கிடையாது. கேழ்வரகு மாவில் காய்ச்சினாள். ஒட்டும்போது நன்றாகத்தான் ஒட்டிற்று. காய்ந்ததும் சீட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியில் பசையைக் கைவிட்டு, வெறுமே நடுவில் செருகிவைத்தார்கள். யதிராஜன் ஒரு சமயம், தமிழ்செல்வன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார். அவனிடம் எல்லாம் தெளிவாகச் சொல்லியாயிற்று, நீங்கள் சீட்டைச் செருகுங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு விழா. சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாகும் என்று தகவல் வந்ததால் கூட்டம் கலைந்துவிடாமலிருக்க டிபனை முதலில் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. சமையற்கட்டுப் பக்கம் பார்த்துக்கொள்ளும்படி யதிராஜனை அனுப்பினாள். அவர் போய்க் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். எல்லாம் புத்தகப்படியே நடக்கிறது என்றார். பிறகு முதல் பந்தியிலேயே இடம் பிடித்து உட்கார்ந்தார்.

சாமைப் பொங்கல் வந்தது. அவள் வீட்டில் எத்தனையோ முறை செய்திருக்கிறாள். இப்படி ஒரு நாளும் அமைந்ததில்லை. மிளகு வாசனை தூக்கலாக, தொண்டையில் தானாக வழுக்கிக்கொண்டு இறங்கிற்று. கண்ணை மூடிச் சாப்பிட்டாள். தானியத்தை முழுசாக நம்பினால் அது நம்மைக் கைவிடாது என்று தான் எட்டாம் பக்கத்தில் எழுதிய வரி எவ்வளவு உண்மை என்று நினைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். எதிர்ப் பந்தியில் அத்திம்பேர் இலையை வழித்துவிட்டு, அவளைப் பார்த்து, “பேஷ், இப்பத்தான் இது தளிகை,” என்று தலையாட்டினார். சரணாகதி என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

சிறப்பு விருந்தினர் வந்தார். பால்வளத் துறையில் உயர்ந்த பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். அன்று வேறு நிகழ்ச்சி இல்லாத பெரிய மனிதர் அவர் ஒருவர்தான் என்று அத்திம்பேர் பின்னால் விளக்கம் சொன்னார். அவர் தம் காலத்தில் மாவட்டத்தின் பால் உற்பத்தி எப்படிப் பெருகியது என்பதைத் தெலுங்கில் விரிவாக எடுத்துரைத்தார். புத்தகத்தைப் புரட்டி, அத்திம்பேர் தெலுங்கில் சொல்லக் கேட்டதாகவும், இந்தக் காலத்துப் படித்த பெண்கள்போல் நெய்யை ஒதுக்காமல் ஒவ்வொரு பதார்த்தத்திலும் சேர்த்திருப்பது தமக்கு மிகவும் ஆனந்தம் என்றும் சொன்னார். கைதட்டல் எழுந்தது. அவர் பிரதியிலிருந்த துண்டுச்சீட்டு அதற்குள் மேடை விரிப்பில் விழுந்து, யாரோ மிதித்துக்கொண்டு நின்றார்கள். மற்றவர்கள் கையிலிருந்த சீட்டைப் பற்றி ஐயம் எழக் கூடாதே என்று அத்திம்பேர் ஒலிபெருக்கியை வாங்கி, அது கொழுப்பு அதிகமுள்ள நோயாளிகளுக்காக மட்டும், டாக்டர் சொன்னால் கடைப்பிடிக்கலாம் என்று தெளிவுபடுத்தினார்.

குமுதவல்லி ஏற்புரைக்கு எழுந்தபோது அவள் காது மடல் சிவந்திருந்தது. வணக்கம் சொல்லவில்லை. பெரியோர்களே என்று விளிக்கவில்லை.

“இந்தப் புஸ்தகத்துல நான் ஒரு சொட்டு நெய் எழுதலை,” என்றாள். “என்னைக் கேக்காம என் பேர்ல விட்டிருக்கா. விட்டவர் இந்த மேடையிலதான் இருக்கார். ஒரு கன்னுத் தோலைப் பத்தி நான் அழுது எழுதினதுல அவர் கண்டது ரெண்டு சந்திப்பிழை. அவருக்கு முன்னாலயே சொல்றேன். நெய்யில்லாம ஒரு கவளம் இறங்காதுன்னு சொல்றவர், இன்னிக்கு எத்தனை கவளம் இறக்கினார்னு எல்லாரும் பார்த்தேள். நீங்களும் ரெண்டாந்தரம் வாங்கிண்டேள். அந்தப் பொங்கல்ல நெய் கிடையாது. நெய் ஒரு துளி பட்டிருந்தா என் தொண்டையில இறங்கியே இருக்காது, இந்த இடத்துலயே வாந்தி எடுத்திருப்பேன். என் நாக்குதான் சாட்சி.”

அத்திம்பேர் வாயைத் திறந்தார். பிறகு, என்ன காரணத்தாலோ, யதிராஜனைப் பார்த்தார். யதிராஜன் விசிறியைப் பார்த்தார். பின்வரிசையில் சில கல்லூரிப் பெண்கள் எழுந்து கைதட்டினார்கள். மெல்ல மற்றவர்களும் தட்டினார்கள். சிறப்பு விருந்தினருக்குத் தமிழ் சரியாகப் புரியாததால் அவர்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார். குமுதவல்லிக்கு மூன்று வருடத்தில் முதல்முறையாக மூச்சு அடிவயிறுவரை போய்த் திரும்பிற்று.

புத்தகத்தில் கையெழுத்து வாங்க வரிசை நின்றது. அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டிலிருந்து தமிழ்செல்வன் வந்து, மரியாதையாக இடைவெளி விட்டு நின்றான். வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

“மேடம், புக்குல போட்ட அளவுதான் ஊத்தனேன், அன்னசுத்திக்குத் தனியா. முழு டின்னும் செலவாவல. டின்னுல பாதி நெய் மீந்துகினுகீது. ஊட்டுக்கு எடுத்துக்கினு போறீங்களா?”

அவள் பேனா நின்றது. வாந்திக்காக எல்லோரும் ஒரு கணம் காத்திருந்தார்கள். வரவில்லை.

பகல் ஒரு மணிக்குக் குமுதவல்லிக்கு நன்றாகப் பசித்தது.